நார்னியாவின் இரு வரிசைகள்: மறுவாசிப்பும் முன்னறிவும்

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக வெளியிட்ட ஏழு நார்னியா நூல்களை மீண்டும் படிப்போரிடையே இரண்டு வரிசைகள் வழங்குகின்றன. வெளியீட்டு வரிசை 'சிங்கமும் சூனியக்காரியும் உடை அலமாரியும்' என்னும் முதல் நூலில் தொடங்குகிறது. கதைக்கால வரிசையோ, நார்னியா என்னும் கற்பனை உலகம் படைக்கப்பட்டதைச் சொல்வதும் 1955இல் ஆறாவதாக வெளிவந்ததுமான 'மந்திரவாதியின் மருமகனை' முன்னே வைக்கிறது. இது குறித்து எழுதிக் கேட்ட சிறுவன் ஒருவனுக்கு 1957இல் விடையளித்த லூயிஸ், கதைக்கால வரிசையின் பக்கம் சாய்ந்தபோதிலும், எவ்வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இராது என்றும் கருதினார். இறையியல் நோக்கில் அந்த வேறுபாடு சிறிதன்று.

கதைக்கால வரிசையில் படைப்பு, சோதனை, பலி, உலகமுடிவு என்னும் நிகழ்ச்சிகள் விவிலியத்தின் ஒழுங்கிலேயே அமைவதால், காரணம் எப்போதும் காரியத்திற்கு முன் நிற்கிறது. முதலில் வெளிவந்த நூலின் பனிக்காட்டில் எரியும் விளக்குக் கம்பம் எங்கிருந்து முளைத்தது என்பதை வாசகர் அதனைக் காணுமுன்பே அறிந்துவிடுகிறார். வெளியீட்டு வரிசையில் விளக்கே முதலில் வியப்பாகத் தோன்ற, அதன் மூலம் பின்னரே விளங்குகிறது. இயல்பில் முந்தியது வேறு, மனிதர்க்கு முதலில் தெரியவருவது வேறு என்று அரிஸ்டாட்டில் வகுத்த பாகுபாடு இங்கே பொருந்துகிறது. விவிலிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட், இஸ்ரயேலர் கடவுளை முதலில் விடுதலை அளித்தவராகவே அறிந்தனர் என்றும், படைப்புக் கோட்பாடு அந்த மீட்பு நம்பிக்கையைச் சார்ந்தே உருப்பெற்றது என்றும் வாதிட்டார். அவ்வகையில் நோக்கினால், அஸ்லான் என்னும் சிங்கத்தை மீட்பராகச் சந்தித்த பின்னரே படைத்தவராகக் காட்டும் வெளியீட்டு வரிசை, சமய அறிவு வளர்ந்த வழியையே பின்பற்றுகிறது.

எவ்வரிசையாயினும், மறுவாசகர், அதே நூலில் வரும் எட்மண்ட் என்னும் சிறுவன் தன் உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுப்பான் என்பதை முன்னரே அறிவார். ஆயினும் அந்த அறிவு அவனை அச்செயலுக்குத் தள்ளுவதில்லை. ஆறாம் நூற்றாண்டில் சிறையிலிருந்து 'மெய்யியலின் ஆறுதலை' எழுதிய போயித்தியஸ், முடிவற்ற வாழ்வு முழுவதையும் ஒருசேரக் கொண்டிருக்கும் நிலையே நித்தியம் என்று வரையறுத்து, அந்நிலையில் உள்ள கடவுள் எதிர்காலச் செயல்களை நிகழ்காலத்தில் காண்பதுபோலக் காண்கிறார் என்றும், காண்பது கட்டாயப்படுத்துவது ஆகாது என்றும் நிறுவ முயன்றார். ஏழு நூல்களையும் மனத்தில் ஒருங்கே வைத்திருக்கும் மறுவாசகர் இந்த வாதத்திற்கு ஓரளவு சான்றாகிறார்.

ஓரளவு என்பதற்குக் காரணம் உண்டு. வாசகரிடம் முன்னறிவு, அதாவது நிகழுமுன் அறியும் அறிவு, இருக்கிறதேயன்றி அக்கதையை அவர் படைக்கவில்லை. கிறித்தவ சமயம் கூறும் கடவுளோ அறிபவரும் படைத்தவரும் ஒருவரே. எனவே, அறிவு விருப்புரிமையைக் கெடுக்காது என்பதை மட்டும் மறுவாசிப்பு உணர்த்துகிறது. படைத்தவர் தம் படைப்புக்கு உண்மையான உரிமையை விட்டுவைக்க இயலுமா என்னும் கடினமான வினாவை அது தொடுவதில்லை. படைப்பை முன்வைக்கும் கதைக்கால வரிசை வாசகரை அவ்வினாவின் முன் உடனே நிறுத்துகிறது. வெளியீட்டு வரிசை, தேர்ந்து தவறி மன்னிப்புப் பெறும் சிறுவனோடு அவரை நெடுந்தொலைவு நடத்திய பின்னரே அங்குக் கொண்டுசேர்க்கிறது. விருப்புரிமையின் மெய்ம்மையை முதலில் உணர்ந்து, அதன் மூலத்தைப் பின்னர் வினவுவோருக்கு இரண்டாவது வழியே ஏற்றது.