உண்டியலா, வங்கியா?

‘உண்டியல்’ என்றதும் ஆலய வாசலிலே இருக்கும் காணிக்கைப் பெட்டி சிலருக்கு நினைவில் வரும். சிறுவர்களுக்குச் சில்லறை சேர்க்கும் மண்முட்டி நினைவில் வரும். ஆனால் பிள்ளைகளைப் பிறநாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. “உண்டியலிலே போட்டிருக்கிறன் அம்மா, நாளைக்குக் காசு வீட்டுக்கு வரும்” என்று மகன் தொலைபேசியில் சொல்கிறான். மறுநாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பற்றுச்சீட்டு இல்லை, வரிசை இல்லை, வங்கியிலும் பார்க்கக் கூடுதலான தொகை. இதில் என்ன பிழை இருக்கிறது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில், நடப்பது என்னவென்று தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். மகன் கட்டாரிலே உண்டியல்காரரிடம் கொடுக்கும் பணம் கடல் கடந்து வருவதேயில்லை. அது அங்கேயே நின்றுவிடுகிறது. இங்கே உள்ள அவருடைய கூட்டாளி தம்மிடம் இருக்கும் ரூபாவிலிருந்து தாய்க்குக் கொடுக்கிறார். அங்கே தேங்கிய டொலரை வாங்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சுங்கத்துக்குக் குறைந்த விலையைக் காட்டிப் பொருள் இறக்குமதி செய்யும் வியாபாரி வாங்குவார். தமது செல்வத்தை நாட்டுக்கு வெளியே பதுக்க விரும்புபவர் வாங்குவார். போதைப்பொருள் கடத்துபவரும் வாங்கலாம். தாய்க்கு ரூபா கிடைத்தது, மகனுக்கு மனநிறைவு கிடைத்தது. ஆனால் நாட்டுக்கு ஒரு டொலரும் கிடைக்கவில்லை. இதனாலேயே 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அதிகாரம் பெற்றவர்கள் மாத்திரமே இவ்வியாபாரத்தைச் செய்யலாம் என்கிறது.

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது மத்திய வங்கி டொலரின் விலையை ஏறக்குறைய 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது. ஊக்கத்தொகையையும் சேர்த்தால் வங்கியில் டொலருக்கு 210 ரூபா வரையில் கிடைத்தது. உண்டியலிலோ 240, 250 என்று கொடுத்தார்கள். மன்னாரிலே ஒரு கடற்றொழிலாளியின் மனைவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகன் மாதம் 300 டொலர் அனுப்புகிறான். வங்கி வழியாக 63,000 ரூபா; உண்டியலில் 245 என்று கொண்டால் 73,500 ரூபா. மேலதிகமாக வரும் 10,500 ரூபா அவளுக்குச் சிறிய தொகையல்ல. அது வீட்டின் அரிசி, இளைய பிள்ளையின் ரியூசன் காசு, கணவனின் மருந்து.

அவள் உண்டியலைத் தெரிந்துகொண்டாள். அவளைப் போல எத்தனையோ ஆயிரம் பேர் தெரிந்துகொண்டார்கள். 2020 ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் உழைப்போர் முறையான வழியில் அனுப்பிய பணம் ஏறக்குறைய 710 கோடி டொலர். 2021 இல் அது 549 கோடியாயிற்று. 2022 இல் 379 கோடியாகச் சுருங்கிற்று. பிள்ளைகள் உழைப்பதை நிறுத்திவிடவில்லை. பணம் பெரும்பாலும் வேறு வழியில் போயிற்று.

அதன் பின் வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அரசாங்கம் அறிவித்தது. மே மாதத்தில், பயன்படுத்தக்கூடிய டொலர் இருப்பு 5 கோடிக்கும் குறைவு என்று அப்போதைய நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். வைத்தியசாலைகளில் மருந்து இல்லை, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. எரிபொருள் வரிசையில் நின்றே உயிர்விட்ட முதியவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. நாம் நினைத்த அந்த மன்னார்த் தாயின் கணவனும் வெற்றுக் கலனோடு வரிசையில் நின்றிருப்பான். மண்ணெண்ணெயையும் மருந்தையும் டொலர் கொடுத்தே வாங்கவேண்டும். அவளுடைய மகன் உழைத்த டொலர் எங்கோ ஒரு வியாபாரியின் கணக்கில் இருந்தது.

அப்படியானால் அவள் குற்றவாளியா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. அவளுக்காகப் பேசும் நியாயங்களையும் நேர்மையோடு கேட்போம்.

“நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஏழைத் தாயல்ல, ஆட்சியிலிருந்தவர்கள்” என்பது முதல் நியாயம். இதை மறுப்பதற்கில்லை. சந்தையில் 250 பெறுமதியான ஒன்றை 200 க்குத் தா என்று கேட்பது, பாலைவன வெயிலில் உழைத்தவனின் வியர்வையைக் குறைந்த விலைக்குக் கேட்பதாகும். பொருளுக்கு நியாய விலை இருப்பதுபோல உழைப்பாளியின் பணத்துக்கும் நியாய விலை உண்டு. பொய்யான விலையை வைத்த அதிகாரமே மக்களைக் குறுக்கு வழிக்குத் தள்ளியது. அந்தப் பொறுப்பு அதற்குரியது.

“போர்க்காலத்தில் எங்களைக் காப்பாற்றியது உண்டியல்தானே” என்பது இரண்டாவது நியாயம். இதுவும் உண்மை. வங்கியும் தபாலும் தடைப்பட்ட நாட்களில் உண்டியல் இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திராது. வேறு வழியில்லாதவன் இருக்கும் ஒரே வழியால் போவது குற்றமாகாது. ஆனால் அன்று உண்டியலை நியாயப்படுத்தியது தேவையே. தேவை போனபின் வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய நியாயத்தையே சொல்வது மனச்சாட்சியை ஏமாற்றுவதாகும்.

“என்னுடைய 300 டொலரால் நாடு வாழ்ந்துவிடுமா?” என்பது மூன்றாவது. இதுதான் மிகவும் வலிமையானதாகத் தோன்றுவது, ஆபத்தானதும் இதுவே. நமக்கு வரும் இலாபத்துக்கு முகம் உண்டு: பிள்ளையின் முகம், கணவனின் முகம். ஆனால் நம்மால் விளையும் தீங்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களிடையே பங்கிடப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு சதத்திலும் குறைந்த பங்கு. ஆகவே அத்தீங்குக்கு முகம் இல்லை. முகம் இல்லாத தீங்கு தீங்கே இல்லை என்று மனம் முடிவுசெய்துவிடுகிறது. ஆயினும் வைத்தியசாலைக் கட்டிலில் மருந்துக்காகக் காத்திருந்தவனுக்கு முகம் இருந்தது. அவனை நாம் காணவில்லை, அவ்வளவுதான். ஊர்க் கிணற்றில் ஒவ்வொருவரும் ஒரு வாளி கூடுதலாக அள்ளினால் எந்த வாளி கிணற்றை வற்றச் செய்தது என்று எவராலும் காட்ட முடியாது. கிணறு வற்றுவது மட்டும் நிச்சயம்.

ஆகவே எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல. அடுப்பெரிய வழியின்றி உண்டியலை நாடியவள் வேறு. வசதியிருந்தும் நாலு காசு கூடுதலாக வருகிறது என்பதற்காக நாடியவர் வேறு. இன்னொரு வகையினரும் இருந்தார்கள். ரூபா இன்னும் விழும், அப்போது மாற்றலாம் என்று டொலரைப் பூட்டி வைத்திருந்தார்கள். 2022 மார்ச்சில் ரூபா அவிழ்த்துவிடப்பட்டு மே மாதத்தில் டொலர் 360 ஐ அண்மித்தபோது அவர்கள் மகிழ்ந்தார்கள். அயலவன் பாண் வாங்க முடியாமல் நின்ற நாட்கள் அவை. சட்டம் அவர்களைத் தொடாமல் இருக்கலாம். ஆனால் ஊரின் துன்பத்தை வரவாக எழுதிய கணக்கை மனச்சாட்சி எப்படி ஏற்கும்?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பொய் விலை நீங்கியதும் வங்கிக்கும் உண்டியலுக்கும் இடையிலான வித்தியாசம் பெருமளவு சுருங்கிற்று. 2023 இல் முறையான வழியில் வந்த பணம் 597 கோடி டொலராக உயர்ந்தது. 2022 இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு சென்றதும் இதற்கு ஒரு காரணம். எனினும் விலை நேர்மையானால் மக்களும் நேர் வழிக்குத் திரும்புவார்கள் என்பதை இது காட்டவில்லையா? ஆள்பவர்கள் இதை மறக்கலாகாது. நேர்மையை மக்களிடம் கேட்பவர்கள் முதலில் தாங்கள் நேர்மையான விலையைக் கொடுக்க வேண்டும்.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. பத்தாயிரம் ரூபா வித்தியாசம் இருந்தபோது தேவையைச் சொன்னோம். சில நூறு ரூபா மட்டுமே வித்தியாசம் வரும்போதும் அதே வழியில் போனால் எதைச் சொல்வோம்?

அன்பான பெற்றோரே, அடுத்த முறை பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, “எவ்வளவு அனுப்பினாய்?” என்று கேட்பதோடு, “எப்படி அனுப்பினாய்?” என்றும் கேளுங்கள். அவனோடு அமர்ந்து கணக்குப் பார்ப்பதுபோலப் பேசிப்பாருங்கள். வங்கியால் அனுப்புவதில் அவனுக்கு உண்மையான இடர் இருந்தால் அதையும் கேட்டறியுங்கள். இடர் ஒன்றும் இல்லையென்றால், அந்தச் சில நூறு ரூபாவை இழப்பாக எண்ணாதீர்கள். நாம் முகமறியாத ஒருவரின் மருந்துக்கு நமது வீட்டிலிருந்து போன பங்கு அது.