ஊதாரியின் ஓய்வு

பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே சவாரிக் குதிரைகள் நிற்கும். அவற்றில் உயரமான ஒன்றைக் காட்டி, "கிண்டியில ஓடின குதிரை சார்" என்றார் குதிரைக்காரர். உண்மையோ, ஆள் பிடிக்கும் பேச்சோ, அந்த ஒரு வாக்கியத்தில் குதிரை என் கண்ணுக்கு வேறாகிவிட்டது. இது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நம் பந்தய சரித்திரத்தில் ஸ்குவாண்டரர் என்று ஒரு குதிரை. ஊதாரி என்று அர்த்தம். ரஷீத் பைராம்ஜி பழக்கியது. 19 பந்தயங்களில் 18 வெற்றி. 1976-77 பருவத்தில் இந்திய 2000 கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் வென்றது. பிறகு ஓய்வு; அதாவது இனவிருத்திப் பண்ணை. தரோப்ரெட் பதிவேடுகள் செயற்கைக் கருவூட்டலை ஏற்பதில்லை என்பதால் பொலிகுதிரை நேரிலேயே சினைப்படுத்தியாக வேண்டும். ஓய்வு என்று நாம் சொல்வது அதற்கு இன்னொரு உத்தியோகம்.

சாதனை யாருடையது? 1974இல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. அது பற்றிய வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பிரதானமாகத் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்றது. திறமை சரி. ஆனால் வெற்றிக் கம்பம் குதிரையின் பிரக்ஞையில் இல்லை. ஓட்டம் அதனுடையது, 18 என்பதும் 1 என்பதும் நம்முடைய எண்கள். தோற்ற அன்றும் ஜெயித்த அன்றும் அதற்குத் தீனியின் ருசி ஒன்றுதான்.

1930இல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி ஷ்மிட். அந்தச் சின்னம் அவனது தேர்வுக்கு. குதிரைக்குத் தேர்வில்லை, ஆகவே நாம் அதற்குக் கடன்பட்டவர்களல்ல என்பது சுலபமான தர்க்கம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. வங்கியில் நான் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவன். ஓய்வுக்கால வசதிகள் அந்த ஒப்பந்தத்தின் மறுபாதி. கொடுத்ததும் கணக்குத் தீரும். குதிரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. 'போதும், தீர்ந்தது' என்று அதனால் சொல்ல முடியாது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் கடன் இல்லாமல் போவதில்லை, தீர்க்க முடியாததாகிறது.

சாம்பியன் குதிரையைப் பேணுவதில் அறப்பிரச்னை எழுவதேயில்லை. அதன் வித்துக்கு விலை இருக்கிறது. ஏழாவதாக வந்த குதிரையிடம்தான் நம் மதிப்பீடுகள் பரீட்சைக்கு வருகின்றன. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டி மைதானத்தைப் பூட்டியபோது நாங்கள் நண்பர்கள் பேசியதெல்லாம் 160 ஏக்கர் நிலத்தையும் வாடகைப் பாக்கியையும் பற்றி. குதிரைகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

அன்று என் பெண் அந்தக் குதிரைமேல் ஏறினாள். கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். கிண்டி என்ற சொல்லுக்காகத்தான். பக்கத்தில் நின்ற மட்டக்குதிரைக்கென்றால் பேசியிருப்பேன். மேலே எழுதியதை முதலில் என்மீதே பிரயோகித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.