ஆபத்தை அறிந்தவன் படும் கடன்

ஓர் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால், அந்த அறிவு யாருக்குச் சொந்தம்? 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனுக்கு அருகே டல்லெஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதியதில், அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் தந்த அனுமதியை, 1,800 அடிக்கு இறங்கலாம் என்பதாக விமானிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அது பாதுகாப்பான உயரமே அல்ல. இதில் நெஞ்சை அறுப்பது வேறொன்று. ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று இதே குழப்பத்தில் அதே மலையிலிருந்து மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. அடுத்த நிறுவனத்துக்குச் செய்தி போகவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனால் வாய்மையைத் தீங்கின்மையால் அளக்கும் குறளின் அளவுகோலை எடுத்துக்கொண்டால், இந்த மௌனத்தை வாய்மையின் பக்கம் வைக்க முடியாது. ஆபத்தைப் பற்றிய அறிவை உடைமை என்பதைவிடக் கடன் என்பதே பொருத்தம். அது யாருக்குப் பட்ட கடன் என்பது, விபத்து நடக்கும்வரை அறிந்தவனுக்கே தெரியாது.

இந்தக் கடனை அடைக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் பேராசை அல்ல, பயம். தன் தவறைச் சொன்னால் உரிமம் போகும் என்றால் எந்த விமானி வாய் திறப்பார்? அதனால்தான் 1976 முதல் அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளைத் தெரிவிக்கும் அறிக்கைகளை, தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசா வாங்கிக்கொள்கிறது. பெயர் நீக்கப்படுகிறது. வேண்டுமென்றே செய்யாத தவறை 10 நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொதுவாகத் தண்டனை விதிக்கப்படுவதில்லை. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. பாவத்தை ஒப்புக்கொண்டவனை மன்னிக்கும் வழக்கம் பல மதங்களில் உண்டு. ஆனால் அங்கே மனவருத்தம் கேட்கப்படும். இங்கே நீ வருந்தினாயா என்று யாரும் கேட்பதில்லை, என்ன நடந்தது என்று மட்டுமே கேட்கிறார்கள். மத நோக்கில் இது வறண்ட மன்னிப்புதான். எனினும் தவறிழைத்தவனின் ஆன்மாவைவிட அடுத்த விமானத்தில் ஏறப்போகிறவரின் உயிரை முன்னால் வைக்கும் இந்த வறட்சி எனக்கு நேர்மையாகவே படுகிறது.

இது நீதியை விலைக்கு விற்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தவறையும் மறைப்பையும் ஒரே தட்டில் வைத்தால் அப்படித்தான் ஆகும். மறைப்பு எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்காஸ் மென்பொருள் இருந்தது. அதை ஓட்டும் விமானிகளின் கையேட்டில் அதற்கு விளக்கமே இல்லை. 2018 அக்டோபரில் லயன் ஏர் விமானமும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் விமானமும் விழுந்து மொத்தம் 346 பேர் இறந்தார்கள். எம்காஸ் பற்றி ஒழுங்குமுறை அதிகாரிகளை ஏமாற்றிய வழக்கில், 2021 ஜனவரியில் போயிங் 250 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது. வாய் திறந்தவனுக்குப் பாதுகாப்பும் மறைத்தவனுக்குத் தண்டனையும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வெறும் சலுகையாகிவிடும். பணம் போட்டுத் திரட்டிய அறிவை ஏன் போட்டியாளருக்குக் கொடுக்க வேண்டும் என்ற வாதமும் அதிக தூரம் போகாது. 1954-ல் இரண்டு காமெட் விமானங்கள் வானிலேயே உடைந்தபோது, ஃபார்ன்பரோவில் விமான உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சோதித்து, உலோகச் சோர்வே காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்த முடிவு பகிரங்கமானது. போட்டி நிறுவனங்கள் அதிலிருந்து பாடம் கற்றன; டி ஹாவிலண்ட் தன் முன்னிலையை இழந்தது. அந்த நிறுவனத்துக்கு அது பெரும் இழப்புதான். ஆனால் இறக்கையை வடிவமைக்கும் நுட்பத்தைப் பூட்டி வைக்கும் உரிமை, அந்த இறக்கை எங்கே முறியும் என்பதைப் பூட்டி வைக்கும் உரிமை ஆகிவிடாது.

கடினமான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. லயன் ஏர் விபத்துக்கு முந்தைய நாள், அதே விமானம் அதே கோளாறோடு டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை ஓட்டியவர்கள், மூக்கை ஏற்றி இறக்கும் தானியங்கி டிரிம்மைத் துண்டித்துச் சமாளித்தார்கள். ஆனால் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்ததையோ டிரிம்மைத் துண்டித்ததையோ விமானப் பதிவேட்டில் எழுதவில்லை. நான் சொல்லும் கடன் இவர்களுக்கும் உண்டு, அதை அவர்கள் முழுதாக அடைக்கவில்லை. ஆனால் தங்களோடு போராடியது எது என்பதைப் பெயர் சொல்லி எழுதும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை. அப்படி ஒன்று விமானத்தில் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேலே மறைத்தவர்கள் தங்கள் கடனை ஏய்த்ததோடு நிற்கவில்லை. கீழே இருந்தவர்கள் தங்கள் கடனை அடைக்கும் வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டார்கள்.