கருவில் அமைந்த ஆறும் பச்சிளங் குழவியர்க்கு ஆற்றும் அறமும்

மகவைப் பெற்றுச் சில நாள்களில் இழந்த தாய் தந்தையர் அத்துயரினின்றும் எழுந்து, பிறர் மகவுகளையேனும் காப்போம் என்று மருத்துவமனையிற் பச்சிளங் குழவியர்க்கு ஒரு பகுதி அமைக்கப் பொருள் ஈட்டத் தொடங்குவதுண்டு. அவரை நோக்கிச் சைவருள்ளே சிலர் ஒரு தடை எழுப்புவர். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்று அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் அறுதியிட்டனரே; அங்ஙனமாக, மருத்துவப் பகுதி ஒன்று எவ்வுயிரின் நாளை நீட்டும்? என்பது அத்தடை. கேட்பதற்குச் சாத்திரம் போலிருப்பினும், மகவைப் புதைத்து மீண்டார் செவியில் அது கல்லெறியாகவே வீழும். ஆதலின் அது சாத்திரந்தானா என்று ஆராய்தல் கடன்.

முன்னர் ஒன்று நோக்கற்பாலது. பச்சிளங் குழவியை எரியாது புதைத்தலே நம் நாட்டு வழக்கு. முதியோர்க்குரிய நீர்க்கடன் முதலியன அதற்குப் பெரும்பாலும் இல்லை. அதனால், அழுதற்குரிய சடங்கும் தாய்க்கு இல்லையாயிற்று. சில நாளே இருந்த மகவு ஓர் ஆளாகவே எண்ணப்படாமற் போகின்றது. பண்டைத் தமிழ் வேந்தர் கருத்து இதனின் வேறு. குழவி இறந்து பிறப்பினும், உருவமையாத் தசைத்தடியாய்ப் பிறப்பினும், அதனையும் ஆளெனக் கொண்டு வாளாற் போழ்ந்தே அடக்கினர் என்பது சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடிய புறநானூற்றுச் செய்யுளால் அறியப்படும். வழக்கம் கொடியது போலும். அதனுள் நின்ற மதிப்போ பெரிது.

இம்மதிப்பே இக்காலத்து வேறு வடிவில் வெளிப்படுகின்றது. பிரித்தானிய நாட்டு நிதியமைச்சராயிருந்த கார்டன் பிரௌன் என்பார்க்கும் அவர் மனைவியார் சாராவுக்கும் 2001 டிசம்பர் 28 ஆம் நாள் ஜெனிபர் என்னும் பெண்மகவு முதிராது பிறந்து, 2002 சனவரி 7 ஆம் நாள் எடின்பரோவில் இறந்தது. பத்து நாளே வாழ்ந்த அம்மகவின் பெயரால், குறைமாதப் பிறப்பின் காரணங்களை ஆராய்தற்கு அவ்வாண்டிலேயே ஒரு நிதி தொடங்கப்பெற்றது. பின்னர் நாட்டின் தலைமையமைச்சராயும் விளங்கியவர்க்கு அதிகாரமும் செல்வாக்கும் குறைவில்லை. ஆயினும் அவை அம்மகவுக்கு ஒரு நாளையும் கூட்டித் தரவில்லை. தடை கூறுவார் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்டலும் கூடும்.

அற்றன்று. வினை சடம், அது தானே சென்று உயிரைப் பொருந்தாது. முதல்வன் கூட்டவே கூடும். கூட்டுங்கால் வாயிலின்றிக் கூட்டுதல் இல்லை. பிராரத்தம் வந்தடையும் நெறியை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என ஆசிரியர் மூவகைப்படுத்தோதியது இதுபற்றியே. பிற உயிர் வாயிலாகத் துன்பம் வருமெனின், நன்மையும் அவ்வாயிலால் வருதல் வேண்டுமன்றோ? கருவில் அமைந்த ஆறனுள் சாக்காடு ஒன்றனையே எடுத்தோதுவார், அவ்வரிசையில் முதற்கண் நிற்பது பேறு என்பதனை மறந்தனர். ஓர் ஏழை மகவு குளிராற் சாகவிருக்கும் இரவில், யாரோ இட்ட பொருளால் அமைந்த வெம்மை அதனைச் சென்றடையுமாயின், அதுவே அதன் கருவில் அமைந்த பேறாதல் கூடாதென்று எவ்வாறு துணிவது? பிறன் ஒருவனது வினையின் அளவைப் படித்தறிந்தார் போல உரைத்தல் முதல்வன் தொழிலைத் தாம் மேற்கொள்வதாகும். பிறந்து 28 நாள் நிரம்பாமுன் உலகெங்கும் இறந்த மகவுகள் 1990 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50 இலட்சம்; 2022 ஆம் ஆண்டில் 23 இலட்சம். உயிர்களின் வினை இடையே திடுமெனக் குறைந்ததென்பார் யார்? வாயில்கள் பெருகின என்பதே பொருந்தும்.

அவ்வாயில்களும் பெரும்பாலும் எளியனவே. 37 வாரம் நிரம்பாது பிறந்த மகவின் உடலிற் கொழுப்புக் குறைவு. ஆதலின் சூட்டை விரைந்து இழக்கும். நுரையீரலின் நுண்ணறைகள் ஒன்றோடொன்று ஒட்டாது காக்கும் ஒருவகை நெய்ப்பொருளும் அதற்கு நிரம்பச் சுரந்திராது. 1978 ஆம் ஆண்டில், தென்னமெரிக்கப் போகோட்டா நகரத்து மருத்துவர் எட்கார் ரே என்பவர், வெப்பப் பெட்டிகள் போதாமை கண்டு, மகவைத் தாயின் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். அஃது இன்று பல நாடுகளிலும் கைக்கொள்ளப்படுகின்றது. தாயின் மெய்யே பெட்டியாயிற்று.

ஈண்டு விருதுநகர், சிவகாசிப் பகுதியை எண்ணுக. மழை அருகிய கரிசல் நிலம். அவ்வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. 1923 ஆம் ஆண்டு முதல் வளர்ந்த அத்தொழில்களில் நாட்கூலி பெறும் பெண்டிர் பலர். அத்தகையாள் ஒருத்தி குறைமாத மகவை மார்பில் ஏந்திப் பல நாள் மருத்துவமனையில் இருத்தல் வேண்டின், அவள் கூலி போம். மனையிலுள்ள மூத்த குழந்தைகளின் சோறும் போம். ஆதலின் பொருள் ஈட்டுவோர் கருவிகளையே கருதி, அத்தாயின் உணவையும் தங்குமிடத்தையும் மறத்தல் பெரும்பிழை. விருதுநகரில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2022 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கட்டடமும் மருத்துவரும் அரசினரால் அமைவர். தாய் உண்ணும் வேளைச் சோற்றை ஊரார் ஏற்றல் தகும்.

அதற்கு வழி அவ்வூர் அறியாததன்று. சோறாக்குங்கால் நாள்தோறும் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் இட்டுவைக்கும் வழக்கத்தினாலும், வணிகர் தரும் மகமையினாலும் வளர்ந்தது 1889 ஆம் ஆண்டில் ஆங்கு நிறுவப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை. காமராசர் இளமையிற் பயின்றது அதன்கண்ணே.

இறந்த மகவின் பெயரை அறத்திற்கு இடுதல் பற்றியும் ஐயம் நிகழும். அறத்தின் பயன் செய்தாரையே சாரும். மகவின் உயிர்க்கு அதனை அனுப்புதல் சித்தாந்தமன்று. அங்ஙனமாயினும் பெயரிடுதல் வீண் என்க வேண்டா. திங்களூரில் அப்பூதியடிகள் தம் தண்ணீர்ப் பந்தர்க்குத் தாம் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரை எழுதினார். தம் பெயரை எழுதாமை யாதென வினாவிய அரசரிடமே வெகுண்டார். தம் பெயர் பொறிக்கும் செல்வர் நெஞ்சில் யான் என்னும் செருக்குப் புகுதல் எளிது. பத்து நாள் வாழ்ந்த மகவின் பெயரிலோ அது புக இடமில்லை. யான் என்று சொல்லவும் அம்மகவு கற்றிலது.

பிடியரிசி இட்ட மகளிரும் தம் பெயரைக் கலத்தின்மேல் எழுதினாரல்லர். அன்றன்று உலையிற் பெய்யுமுன் ஒரு பிடி எடுத்து வைத்தனர். எந்த மனைப் பிடி எம்மாணவனுக்கு எழுத்தாயிற்று என்பதனை அளந்தாரும் இலர்.