உண்மை சொல்வோமா, உடனிருப்போமா?

நம் இல்லங்களில் அடிக்கடி நிகழும் ஒன்றை நினைவுகூர்ந்து இச்சிந்தனையைத் தொடங்குவோம். குடும்பத்தில் முதியவர் ஒருவர் நோயுற்றுக் கிடக்கிறார். மருத்துவர் கைவிரித்துவிட்டார். அந்தச் செய்தி தாழ்வாரத்தில் தாழ்ந்த குரலில் பரிமாறப்படுகிறது; நோயாளரின் அறைக்குள் மட்டும் அது நுழைந்துவிடக் கூடாது. "இன்னும் பத்து நாளில் எழுந்து நடமாடுவீர்கள்" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு, வெளியே வந்து கண்களைத் துடைத்துக்கொள்கிறோம். பங்குத்தந்தையை அழைக்கலாமே என்று எவரேனும் சொன்னால், "சாமியாரைக் கண்டால் பயந்துவிடுவார், கொஞ்சம் பொறுப்போம்" என்று தள்ளிப்போடுகிறோம். இறுதியில், அவர் நினைவிழந்த பிறகு, அவசர அவசரமாக 'அவஸ்தைப்பூசுதல்' நடைபெறுகிறது. ஆறுதலளிக்கும் அருட்சாதனத்தை, ஆறுதல் பெற வேண்டியவர் அறியாத வேளை பார்த்து அளிக்கிறோம்!

இதையெல்லாம் நாம் அன்பினால்தான் செய்கிறோம். ஆயினும், அன்பினால் செய்யப்படுவதெல்லாம் அறமாகிவிடுமா? இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு உண்மையைச் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? அல்லது அவரை அச்சத்திலிருந்து காப்பதே நம் கடமையா? இவ்வினாவைத் தமது கல்விப் பணியின் நடுவில் எதிர்கொண்ட செவிலியர் ஒருவரின் வாழ்வு, நாம் விடை தேடும் வழியில் விளக்காக அமையக்கூடும்.

ஃபுளோரன்ஸ் வால்ட் என்னும் அப்பெண்மணி 1917இல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளியில் பயின்று 1941இல் பட்டம் பெற்றார். 1959இல் அதே பள்ளியின் முதல்வரானார். அந்நாளைய அமெரிக்க மருத்துவமனைகளில் சாவு என்பது பேசப்படாத பொருளாக இருந்தது. 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோய் என்பதை நோயாளருக்குச் சொல்லாமலிருப்பதையே விரும்பினர். நம் இல்லத்துத் தாழ்வாரமும் அம்மருத்துவமனையின் தாழ்வாரமும் ஒன்றுபோலவே இருந்தன என்பது வியப்புக்குரியது.

மருத்துவர் நாளுக்கு ஒருமுறை வந்து சென்றுவிடுவார். இரவெல்லாம் உடனிருப்பவர் செவிலியர். நள்ளிரவில், உறக்கம் வராத நோயாளர் அவருடைய கையைப் பற்றிக்கொண்டு, "நான் பிழைப்பேனா?" என்று கேட்பார். செவிலியருக்கு விடை தெரியும்; சொல்ல உரிமை இல்லை. "மருத்துவரிடம் கேளுங்கள்" என்று கூறிப் போர்வையைச் சரிசெய்துவிட்டு அகல வேண்டும். இது தனிப்பட்ட ஒரு செவிலியரின் கோழைத்தனமன்று. அவருக்குக் கற்பிக்கப்பட்ட அறமே அதுதான். 1893இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட செவிலியர் உறுதிமொழி, மருத்துவரின் பணிக்கு விசுவாசமாகத் துணைநிற்பதை ஒரு கடமையாக வைத்தது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953இல் வெளியிட்ட ஒழுக்க நெறியும் மருத்துவரின் ஆணையை விசுவாசத்துடன் நிறைவேற்றுமாறு பணித்தது. அம்மன்றத்தின் 1973ஆம் ஆண்டு நெறியில்தான், செவிலியரின் முதற்பொறுப்பு பராமரிப்பை நாடி நிற்கும் மனிதருக்கே என்னும் கருத்து இடம்பெற்றது. கீழ்ப்படிதலிலிருந்து மனச்சான்றுக்கு வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த மாற்றத்துக்கு முந்திய நாள்களில்தான் வால்ட் செவிலியர்களைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். 1963இல் யேலுக்கு வந்து உரையாற்றிய ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அவருடைய வாழ்வின் திசையையே மாற்றினார். அவர்தாம் சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியராகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்த சாண்டர்ஸ், இறப்போரின் வலியைத் தணிக்க வேண்டுமென்றே மருத்துவம் பயின்று 1957இல் மருத்துவரானவர். இலண்டனின் ஹாக்னி பகுதியில் அயர்லாந்து அருட்சகோதரிகள் நடத்திவந்த புனித சூசையப்பர் இல்லத்தில் அவர் பணியாற்றினார். வலி தாங்காமல் நோயாளர் அலறிய பின் மருந்து கொடுப்பது அக்கால வழக்கம். சாண்டர்சோ, வலி தலைதூக்குமுன்னரே குறித்த வேளைகளில் மார்பீன் கொடுக்கும் முறையை அங்கு நிலைநாட்டினார். உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, ஆன்மாவின் தவிப்பு ஆகிய நான்கும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதை உணர்ந்து, அதனை 'முழுமையான வலி' என்றழைத்தார். நன்மரணத்தின் பாதுகாவலராம் சூசையப்பரின் பெயர் தாங்கிய இல்லத்தில் இவ்வறிவு முதிர்ந்தது நம் நெஞ்சைத் தொடுகிறது.

அவ்வுரையைக் கேட்ட வால்ட், சில ஆண்டுகளில் தம் முதல்வர் பதவியைத் துறந்தார். பேராசிரியர் பலர் ஒரு புதிய கருத்தைக் கேட்டால் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவார்கள். இவரோ நாற்காலியை விட்டிறங்கிப் படுக்கையருகே சென்றார். சாண்டர்ஸ் 1967இல் இலண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லத்தில் சென்று பணியாற்றிக் கற்றார். ஊர் திரும்பி, மருத்துவர், செவிலியர், ஆன்மப் பணியாளர் அடங்கிய குழுவுடன், இறப்போரும் அவர்தம் குடும்பத்தாரும் உண்மையில் எதை வேண்டுகின்றனர் என்று அவர்களிடமே கேட்டறிந்தார். பொறியியலாளரான அவருடைய கணவரும் தம் வேலையை விட்டு மருத்துவமனை அமைப்புக் கலையைப் பயின்று அவருக்குத் துணைநின்றார். 1974இல் கனெக்டிகட் மாநிலத்தில், நோயாளரை அவர்தம் இல்லங்களிலேயே பராமரிக்கும் பணி தொடங்கிற்று. அமெரிக்காவின் முதல் 'ஹாஸ்பிஸ்' அமைப்பாகக் கருதப்படுவது அதுவே.

இவ்வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? நோயாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பதா? அத்துணை எளிதன்று. 1977இல் ரோச்செஸ்டர் நகரில் முன்போன்ற ஓர் ஆய்வு நடத்தியபோது, மருத்துவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் உண்மையைச் சொல்வதையே விரும்புவதாகக் கூறினர். பதினாறே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. ஆனால் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வாசிப்பதுபோல் உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும் மருத்துவரால் நோயாளருக்கு என்ன பயன்? மறைத்தவர் அவரைப் பொய்யில் தனியே விட்டார். சொன்னவர் அவரை உண்மையில் தனியே விட்டார். இரண்டிலும் எஞ்சுவது தனிமையே.

எனவே, உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்ற வினாவுக்கு முன்னர் வேறொரு வினா நிற்கிறது: சொன்ன பின் நாம் அவருடன் இருக்கப்போகிறோமா? உடனிருக்கத் துணியாதவருக்கு உண்மையைச் சொல்லும் தகுதி இல்லை. உண்மையாகவே உடனிருப்பவரால் நெடுநாள் பொய்சொல்லவும் இயலாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் அவரருகே தரையில் பேசாது அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் தவறவில்லை. வாய்திறந்து விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினர். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டது அறிவுரையன்று; ஒரு மணி நேர விழிப்பு மட்டுமே. அதுவே அவர்களுக்குக் கடினமாயிற்று.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தனிமனிதனை முன்னிறுத்தும் மேல்நாட்டாரின் வழக்கம் நமக்கு எதற்கு? நம் குடும்பங்களில் ஒருவரின் சுமையை எல்லாரும் சேர்ந்தன்றோ சுமக்கிறோம்? இம்மறுப்பில் நியாயம் உண்டு. மகனும் மகளும் செய்தியை முதலில் தாங்கிக்கொள்வது பெருமைக்குரியதே. ஆனால் எல்லாரும் சேர்ந்து சுமக்கும் சுமையில் பங்கில்லாதவர் எவர் என்று பாருங்கள். அது நோயாளர் ஒருவரே! தம் உடல் தமக்குச் சொல்வதைப் பலர் முன்னரே அறிந்திருப்பார்கள். பிள்ளைகள் வருந்தக் கூடாதே என்று அவர் மறைக்கிறார். அவர் வருந்தக் கூடாதே என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது, பிணங்கிய உடன்பிறப்பைப் பார்க்க வேண்டியது, பேரப்பிள்ளையின் தலையில் சிலுவை வரைய வேண்டியது எல்லாம் அந்த இரட்டை மௌனத்துள் கரைந்துபோகின்றன.

நேர்மையின் பொருட்டு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வலியும் தளர்ச்சியும் தாங்கொணாத நிலையில் நோயாளர் தம் உயிரை முடித்துக்கொள்ள உதவி பெறுவதும் ஒரு வழியாக இருக்கலாம் என்ற கருத்து, வால்ட் அம்மையாருக்குப் பிற்காலத்தில் இருந்தது. சாண்டர்ஸ் அதை உறுதியாக மறுத்தார், திருச்சபையும் மறுக்கிறது. ஆனால் அம்மறுப்பு, வலியைக் கண்டுகொள்ளாதிருக்கும் உரிமையை நமக்குத் தருவதில்லை. உயிர் சற்றே குறையக்கூடும் எனினும், கொல்லும் நோக்கமின்றி வலிதணிக்க மருந்து தரலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே தெளிவுபடுத்தினார். வலிதணிக்கும் பராமரிப்பு தன்னலமற்ற அன்பின் தனிச்சிறப்பான வடிவம் என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் போற்றுகிறது. 'சாக விடுங்கள்' என்று ஒருவர் கதறும்போது 'அது பாவம்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவோமாயின், நம் போதனை உண்மையாயினும் அது யோபுவின் நண்பர்களுடைய உண்மையே.

முதிய வயதில் வால்ட் சிறைச்சாலைகளுக்குச் சென்றார். கம்பிகளுக்குப் பின்னே இறக்கும் கைதிகளுக்கும் இப்பராமரிப்பு வேண்டுமென்று உழைத்தார். சக கைதிகளே தன்னார்வலராகப் பயிற்சி பெற்று அவர்களைப் பராமரிக்கும் முறையை ஊக்குவித்தார். ஓர் உயிரைப் பறித்த கை மற்றோர் உயிரின் கடைசி வேளையில் நீர் ஊட்டுகிறது. 2008இல் தமது 91ஆம் வயதில் அவர் இறந்தபோது, பல்கலைக்கழகத்தில் விட்டுவந்த பதவியைவிட இவ்வகுப்பறைகளே அவருடைய கல்விப் பணியின் நிறைவாக நின்றன.

இனி நம் இல்லத்து அறைக்குத் திரும்புவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே, நோயில்பூசுதல் கடைசி மூச்சுக்கு மட்டும் உரியதன்று என்று கற்பித்தது. அப்படியிருக்க, இன்னும் எத்தனை நாள் குருவானவரைச் சாவின் தூதுவராக்கி வாசலில் நிறுத்திவைப்போம்? நோயாளர் தெளிவாக இருக்கும்போதே அவரை அழைப்போம். படுக்கையருகே அமர்ந்து, "உங்கள் மனத்தில் என்ன ஓடுகிறது?" என்று கேட்போம். எவ்வளவு அறிய விரும்புகிறார், எவ்வளவு விரைவில் என்பதை அவரே நமக்குக் காட்டுவார். அழுதால் உடன் அழுவோம். மௌனமானால் கையைப் பற்றிக்கொண்டிருப்போம்.

ஒவ்வொரு நாளும் செபமாலையில் நாம் இரண்டு வேளைகளுக்காகத் தேவ அன்னையை வேண்டுகிறோம்: இந்த வேளை, இறப்பின் வேளை. சிலுவையின் அடியில் அந்த அன்னையால் வேறெதுவும் செய்ய முடியவில்லை, அவர் நின்றார். நம் தந்தையின், தாயின், அயலாரின் கட்டிலருகே நாமும் அவ்வாறு நிற்க வரம் கேட்போம். நாளை நம் கட்டிலருகேயும் எவரேனும் நிற்க வேண்டுமல்லவா?