அழுக்கு எங்கே போகிறது?

துணியைத் துவைத்து அழுக்கைப் போக்கிவிட்டோம் என்கிறோம். போக்கிய அழுக்கு எங்கே போயிற்று என்று வினவுவார் அரியர்.

மைசூர் நகரத்தையே காண்போம். காவிரியும் கபினியும் இந்நகருக்குக் குடிநீர் தருகின்றன. துவைத்த நீர், கேசரை, வித்தியாரண்யபுரம், இராயனகெரே ஆகிய இடங்களிலுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்ல வேண்டியது. அங்குச் சேராதது ஏரிகளில் விழுகிறது. நஞ்சன்கூட்டுச் சாலைப் பக்கத்துத் தளவாய் ஏரி அவ்வாறு கெட்டதே. எஞ்சியது மீண்டும் அவ்விரு நதிகளையே சேர்கிறது. திருமகூடலு நரசிபுரத்தில் அவை ஒன்றாகின்றன. அதற்குக் கீழேதான் பெங்களூர் மக்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். அப்பால் ஒகேனக்கல், மேட்டூர், தஞ்சை வயல்கள்.

சலவைத்தூள் சிலவற்றிலுள்ள பாஸ்பேட் என்னும் உப்பு, கடின நீரை மென்னீராக்குவது. ஏரியிலோ அது பாசிக்கு எருவாகிறது. மிகுந்த பாசி மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குன்றி மீன்கள் மாள்கின்றன. பெங்களூர் பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015 மே மாதத்தில் தீப்பற்றியதைப் பலரும் அறிவர். அந்நுரையில் வீட்டுச் சலவைக்கும் பங்குண்டு.

"யான் எவ்வுயிரையும் கொல்ல நினைத்தேனல்லேன், எண்ணமன்றோ வினை?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் விநயத்தை நோக்குக. நீரில் உயிர்கள் உள்ளன என்று அறிந்தே அதனைப் புல்லின்மீதோ மண்ணின்மீதோ ஊற்றும் பிக்கு குற்றத்துக்கு உள்ளாகிறார். "அறிந்தே" என்பதே அவ்விதியின் உயிர். இவ்விதி இல்லறத்தார்க்கு உரியதன்று. எனினும் அதன் கருத்து நம்மையும் தொடுகிறது. நீர் செல்லும் வழியை அறியாதவரை நாம் குற்றமற்றவர். அறிந்தபின் அந்தச் சமாதானம் செல்லாது.

அழுக்கைப் பிறர்மேல் தள்ளித் தூயராதல் இந்நாட்டுக்குப் புதியதன்று. துணியை அழுக்காக்கியவரை உயர்ந்தோரென்றும், வெளுத்தவரைத் தீட்டுடையோரென்றும் சாதி வழக்கம் கணித்தது. ஒடுக்கப்பட்டோரின் துணியை வெளுத்த புதிரை வண்ணாரைத் திருநெல்வேலிப் பக்கத்தில் கண்ணாற் காண்பதே தீட்டு என்றனர். அவ்வழக்கத்தை விட்டு வெளிவந்த நாம், ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவரிடத்து அதனையே செய்யலாமா?

செய்யத்தக்கவை எளியவை. பாஸ்பேட் இல்லாத தூளை வாங்குக; அதனையும் அளந்திடுக. நுரை மிகுந்தால் வெளுப்பு மிகும் என்பது வெறும் மயக்கம். இயந்திரம் உடையவர் அது நிறையும் அளவுக்குத் துணி சேர்ந்தபின் குளிர்ந்த நீரில் இயக்குக. வெயில் இருக்க மின்சாரத்தால் உலர்த்துவானேன்? கடைசியாக அலசிய நீர் தரை கழுவப் போதும். பூந்திக்கொட்டையைச் சிலர் புகழ்வர். பட்டுக்கும் கம்பளிக்கும் அது நல்லதே. ஆயினும் அதன் சாறு மிகுந்தால் மீனுக்கு நஞ்சு. ஆதலின் இயற்கைப் பொருள் என்பதனாலேயே எதனையும் ஆற்றில் கொட்டிவிடலாகாது.

ஆடவர்க்கு ஒரு சொல். அழுக்குப் படாத சட்டையையும் மாலையில் கூடையில் எறிபவர் பெரும்பாலும் அதனைத் துவைப்பவரல்லர். துவைக்கும் தாயோ மனைவியோ தூளை எவ்வளவு குறைத்தாலும், கூடை குறையாமல் நீர் குறையாது.