எல்லை வகுக்கும் அறம்

சித்தூர் மாவட்டத்தில், ஆந்திரமும் தமிழகமும் கருநாடகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் குப்பம் வட்டாரத்தில், ராமகுப்பம் என்றோர் ஊர் உண்டு. தெலுங்கு பேசுவோரோடு தமிழரும் கன்னடரும் கலந்து வாழும் வட்டாரம் அது. அங்கே 1950-இல் பிறந்த ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். பிறக்கும்போது அவர் சென்னை மாநிலத்தவர். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலத்தவரானார். 1956 நவம்பர் முதல் நாள் ஆந்திரப் பிரதேசத்தவரானார். 2014 சூன் 2-ஆம் நாள், தெலங்காணா பிரிந்தது போக எஞ்சிய மாநிலத்தவரானார். இத்தனைக்கும் அவர் வீட்டு வாசற்படி ஓர் அங்குலமும் நகரவில்லை. பிழைப்பை நாடி மூட்டை முடிச்சுகளோடு மாநிலம் கடந்து வந்த நமக்கு இது விந்தையாகவே தோன்றும். நாம் நகர்ந்தோம். அவரோ இருந்த இடத்திலேயே இருக்க, மாநிலம் நகர்ந்தது.

நகர்த்தியது தில்லியில் கூடும் நாடாளுமன்றம். அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு அதற்கு அவ்வதிகாரத்தை வழங்குகிறது. புது மாநிலம் அமைக்கலாம். உள்ளதைச் சுருக்கலாம், பெருக்கலாம், பெயரையும் மாற்றலாம். அரசியலமைப்பைத் திருத்துவதற்கு வேண்டிய தனிப் பெரும்பான்மை இதற்கு வேண்டா; இரு அவைகளிலும் எளிய பெரும்பான்மை போதும் என்பது 4-ஆம் பிரிவின் பயன். நிபந்தனைகள் இரண்டே. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடுதான் மசோதா அவைக்கு வரவேண்டும். அதற்கு முன் தொடர்புடைய மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

'கருத்துக் கேட்டல்' என்னும் தொடர் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்றோர்க்குப் புதிதன்று. இன்ன தேதிக்குள் கருத்து வாராவிடில், கூறுவதற்கு ஏதுமில்லை எனக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிய ஓலைகள் எத்தனையோ! வியப்பு என்னவெனில், 1955-இன் ஐந்தாம் திருத்தம் ஏறத்தாழ இதே வரியைத்தான் அரசியலமைப்பில் எழுதியது. குடியரசுத் தலைவர் குறிக்கும் காலத்துக்குள் சட்டமன்றம் கருத்துரைக்காவிடினும் மசோதா முன்செல்லும். உரைத்த கருத்தும் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று பம்பாய் மாநிலம் பற்றிய வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஏற்க வேண்டிய கடப்பாடில்லாத ஒரு கேள்வி, கேள்விதானா? அல்லது வெறும் சடங்கா? இதுவே நம் ஐயம்.

சடங்கென்று உடனே தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. வடக்கெல்லைப் போராட்டத்தை நினைவு கூர்வோம். ம.பொ.சி. முதலானோர் திருப்பதி வரை தமிழர்க்கே என்று முழங்கினர். ஆந்திரர் விட்டுக் கொடுப்பாரா? படாஸ்கர் நடுவராக அமர்ந்து, ஊரை அலகாக வைத்து, மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் நோக்கி ஒரு முடிவு கூறினார். அதன்மேல் 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டத்தால், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. சேலம், செங்கற்பட்டு மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரம் சென்றன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. தன் எல்லை குறைவதை எந்த மாநிலம் உவந்து ஏற்கும்? மறுக்கும் உரிமையை மாநிலங்களுக்கே கொடுத்திருந்தால், வழக்காடும் இருவரையே நீதிபதிகளாக அமர்த்தியது போலாகியிருக்கும். ஆகவே இறுதிச் சொல் நாடாளுமன்றத்திடம் இருப்பதில் நியாயம் உண்டென்றே கருதுகிறோம்.

ஆனால் அதே பிரிவு 2014-இல் வேறு முகம் காட்டிற்று. பிரிவினை மசோதாவை ஆராய ஆந்திரச் சட்டமன்றத்துக்கு முதலில் சனவரி 23 வரையும், பிறகு 30 வரையும் காலம் தரப்பட்டது. சட்டமன்றம் குரல் வாக்கால் மறுத்தது. பிப்ரவரி 18-இல் மக்களவை, அதுவும் குரல் வாக்கால், அமளிக்கிடையே நிறைவேற்றியது; நேரடி ஒளிபரப்பும் அப்போது நின்றுபோயிற்று. தனி மாநிலம் வேண்டுமெனப் பல்லாண்டு போராடிய தெலங்காணா மக்களின் உரிமையை நாம் மறுக்கவில்லை. பெரும்பகுதியின் வாக்கால் சிறுபகுதி என்றென்றும் கட்டுண்டு கிடக்க வேண்டுமென்பது அறமாகாது. எனினும், மறுப்புரை கூறியவர்க்கு அம்மறுப்பு ஏன் ஏற்கப்படவில்லை என்று அமைதியாக விடையளிக்கும் கடமை, முடிவெடுக்கும் அவைக்கு இருந்தது. கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்கும் பண்பை வள்ளுவர் வேந்தனுக்கு வைத்தார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடி வேந்தனாக அமரும்போது அப்பண்பு எவரிடம் தங்கும் என்பது நம் காலத்துச் சிக்கல்.

சட்டமன்றமாவது கேட்கப்பட்டது. ராமகுப்பத்தாரை யார் கேட்டனர்? இங்கே ஒரு முரண். மாவட்ட எல்லையை மாற்ற மாநில அரசின் அறிவிக்கையே போதும். ஆயினும் 2022-இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியபோது, முதலில் வரைவு வெளியிட்டு, மக்கள் ஆட்சேபங்களை அளிக்க முப்பது நாள் தந்தனர். மாவட்டத்துக்கு மனுக் கொடுக்கலாம். மாநிலம் மாறும்போது ஊராரிடம் தனியே கேட்க வேண்டுமென்று 3-ஆம் பிரிவு சொல்லவில்லை.

கோடு எங்கே விழுந்தாலும் அதன் இருபுறமும் மாற்றுமொழியார் சிலர் தங்கிவிடுவர். இதனை நாடாளுமன்றமும் அறிந்தே இருந்தது. 1956-இன் ஏழாம் திருத்தத்தால் 350அ என்னும் பிரிவைச் சேர்த்து, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வழிசெய்யச் சொன்னது. அப்பிரிவின் சொற்களைக் கூர்ந்து நோக்கினோம். எல்லைச் சட்டம், குறித்த நாள்முதல் இன்ன ஊர் இன்ன மாநிலத்தின் பகுதியாகும் என்று ஆணையிடுகிறது. 350அ-வோ, மாநிலங்கள் வசதி செய்துதர முயல வேண்டும் என்கிறது. எல்லையோரத் தமிழ்க் குழந்தை முதல் வகுப்பில் எந்த எழுத்தைத் தொட்டு எழுதும் என்பது, இன்றும் அந்த 'முயல' என்னும் சொல்லில்தான் தங்கியிருக்கிறது.